முத்தொரையும் மூக் யந்திரமும்

ஊட்டிக்குப் போகிறவர்கள் ஏரி, பூங்கா, வர்க்கி என்று திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே முத்தொரையில், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது. டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் குழு 1970-ல் அமைத்தது. சரிவின் சாய்வும் அந்த இடத்தின் அட்சரேகையும் ஒன்றே, சுமார் 11 டிகிரி. அதனால் ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு நட்சத்திரத்தை மணிக்கணக்கில் தொடரலாம். சிக்கனமான புத்திசாலித்தனம்.

வானத்தின் ரேடியோ அலைகளுக்கு ஊட்டி காது கொடுக்க ஆரம்பித்த அதே சமயம், விண்வெளிப் பயணம் எப்படி ஒலிக்கும் என்று அகமதாபாத்தில் சிலர் யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு சாட்சி 2023-ல் இசைத்தட்டாக வந்த 'தி என்.ஐ.டி. டேப்ஸ்'.

கதை இதுதான். 1969-ல் நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனுக்கு அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர் வந்து ஒரு மூக் சிந்தசைஸரை நிறுவினார். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஒயர்களைச் சொருகிச் சொருகி ஒலி உண்டாக்கும் யந்திரம். பின்னணியில் கீதா சாராபாய். பக்கவாஜ் வாசித்த பெண்மணி. 1946-ல் நியூயார்க் போய் ஜான் கேஜிடம் மேற்கத்திய இசை கற்று, பதிலுக்கு அவருக்கு நம் இசையைச் சொல்லிக்கொடுத்தவர். அவரும் ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் 1972 வரை பதிவு செய்தவை அலமாரியில் உட்கார்ந்துவிட்டன. அரை நூற்றாண்டு கழித்து லண்டனிலிருந்து பால் பர்கஸ் வந்துதான் தூசி தட்ட வேண்டியிருந்தது.

கேட்க எப்படி இருக்கிறது? பாட்டு எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். பல்லவி இல்லை, பல பதிவுகளில் தாளமும் இல்லை. சில வெறும் பயிற்சிகள். குமிழைத் திருகி 'அட!' என்று சந்தோஷப்பட்டதோடு சரி. ஆனால் ஜோஷிபுராவின் 'ஸ்பேஸ் லைனர் 2001' வேறு ஜாதி. நிலவில் கால் வைத்த சூட்டோடு, 2001-ல் விண்கலத்தில் போவோம் என்று நம்பிய ஓர் இளைஞனின் கனவு. சர்மாவின் 'டான்ஸ் மியூசிக்' பிற்கால டெக்னோவின் தாத்தா மாதிரி துடிக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, சன்னமாக வைத்துக் கேளுங்கள்.

இப்படி ஏதாவது கிடைத்தால் நமக்கு ஒரு வியாதி உண்டு: 'பார்த்தாயா, நாம்தான் முதலில்!' சரண்ஜித் சிங் 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். அப்போது சீந்துவாரில்லை. 2010-ல் வெளிநாட்டில் மறுபதிப்பு வந்ததும் 'ஆசிட் ஹவுஸின் தந்தை' ஆகிவிட்டார். பாவம், அவர் அப்படி எதற்கும் உரிமை கொண்டாடவில்லை. என்.ஐ.டி. பதிவுகளுக்கும் இந்தப் பட்டம் வேண்டாம். முதலில் செய்தது பெருமை என்றால், அடுத்து யாருமே செய்யாதது என்ன?

சிந்தசைஸர் என்றால் நமக்கு 1986-ன் 'புன்னகை மன்னன்'தான். அந்த இசை அகமதாபாத்திலிருந்து வரவில்லை. ராஜா தன் வழியில் தானே கண்டுகொண்டது. இடையில் ஒரு கண்ணி விட்டுப்போயிற்று.

முத்தொரைக்கு அது நேரவில்லை. அங்கே தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் வந்தார்கள். பழுது பார்த்தார்கள், மேம்படுத்தினார்கள், இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அகமதாபாத்தில் யந்திரம் இருந்தது, திறமை இருந்தது. அடுத்த வகுப்பு இல்லை. ஒரு முயற்சி பிழைக்க மேதைகள் மட்டும் போதாது, அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கச் சில சாதாரணர்களும் வேண்டும்.

நம் ஊர் வானொலி நிலையங்களிலும் கல்லூரிகளிலும் எத்தனை டேப்கள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றனவோ. லண்டன்காரர் வருவதற்குள் நாமே ஒரு தடவை அலமாரியைத் திறந்து பார்க்கலாம்.