தேதியிட்ட தீர்க்கதரிசனம்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆலயம் எழுப்பிய பூஷே அடிகளாரை இன்று நாம் அறிவது கட்டடத்தால் மட்டுமல்ல; அவரும் சேசு சபைத் தோழர்களும் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்களாலும்தான். இந்த மண்ணைக் குறித்துக் கிறிஸ்தவச் சபைகளில் உரைக்கப்படும் தீர்க்கதரிசனங்களைத் தொகுப்பவரின் கைப்பக்குவமும் அப்படி எழுதிவைப்பதிலேதான்: யார், எங்கே, எந்தத் தேதியில் சொன்னார் என்பதை நிறைவேறும் முன்பே எழுதிவைப்பது. நடந்தபின் எழுதினால் நினைவு தானே திருத்திக்கொள்ளும். 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் எழுந்த எழுப்புதலில் தீர்க்கதரிசனமும் ஒலித்தது. அதை இன்று எடைபோட முடிகிறதென்றால், அந்த எழுப்புதலை முன்னின்று நடத்திய ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் நாட்குறிப்பு எழுதியதும் ஒரு காரணம்.

பதிவேடு ஆவியானவரை அடக்கிவிடும் என்பார்கள். ஆனால் தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருக்கச் சொன்ன பவுலே, அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதிக்கவும் சொன்னார். பொய்த்த வார்த்தையையும் அடிக்காமல் விட்டுவைத்த ஏடே என் ரசனைக்குரியது. பலித்தவை மட்டுமே நிறைந்த ஏட்டை நான் நம்பமாட்டேன்.