கணுக்காலிலிருந்து ரக்பி: ஜப்பான் ஆட்டத்தை எப்படி ரசிப்பது?

ரக்பி பார்க்கப் புதிதாக உட்காருகிறவரின் கண் முதலில் தோள்களுக்குத்தான் போகும். நூறு கிலோ ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதுகிற விளையாட்டில் வேறெதைப் பார்ப்பது? ஆனால் ஜப்பான் ஆடும்போது மட்டும் பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். அந்த அணியின் சூட்சுமம் பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது.

கபடியில் ரெய்டரின் கணுக்காலைப் பாய்ந்து பிடிக்கிறவரை ரசித்துப் பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடும். உயரமான எதிராளியின் நெஞ்சில் போய் மோதினால் சின்ன உடம்புதான் தெறித்து விழும். தொடையைக் கட்டி, இரண்டு காலையும் சேர்த்து அணைத்துவிட்டால் எந்த மலையும் சாய்ந்தாக வேண்டும். ஒருவர் காலைக் கட்டும் அதே நொடியில் இன்னொருவர் பந்துக்குப் பாய்கிறாரா என்று பாருங்கள். ஜப்பானியர்கள் இதை இரட்டையராகச் செய்வதில் கெட்டிக்காரர்கள்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓர் அணிக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிடம். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோ இருப்பவருக்குத்தான் தர வேண்டும். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ட்ரை, 5 புள்ளி. அதைத் தொடர்ந்து உதைக்கும் பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் இன்னும் 2. பெனால்டி உதைக்கு 3. பிடிபட்டு விழுந்தவர் பந்தை விட்டுவிட வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும். மிச்ச விதிகளைப் பற்றி ஆடுகிறவர்களே நடுவரிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாகச் சொன்ன விதியில்தான் ஜப்பான் பிழைக்கிறது. விழுந்தவரிடமிருந்து பந்து வெளியே வர எவ்வளவு நேரமாகிறது என்று மனத்துக்குள் எண்ணிப் பாருங்கள். தாமதமானால் எதிரணியின் சுவர் நின்றுவிடும். பிறகு எடைதான் பேசும். சடுதியில் வந்துவிட்டால், எழுந்து நிற்க நேரமில்லாத பெரிய ஆட்களைச் சுற்றி ஓடிவிடலாம்.

இந்த வித்தையைப் புரிந்துகொள்ள அங்கே ரக்பி எந்த வாசல் வழியாக நுழைந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். துறைமுக நகரமான யோகோஹாமாவில் வெளிநாட்டவர்கள் தங்களுக்குள் முன்பே ஆடிக்கொண்டிருந்தார்கள். 1899இல், அங்கேயே பிறந்து கேம்பிரிட்ஜில் படித்துத் திரும்பிய எட்வர்ட் பிராம்வெல் கிளார்க், தோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் ஆங்கில ஆசிரியராக இருந்தார். கோடை முடிந்த பிறகு மாணவர்கள் வெளியே ஆட ஒன்றுமில்லாமல் சும்மா இருக்கிறார்களே என்று, கேம்பிரிட்ஜ் நண்பர் தனாகா கின்னோசுகேயைத் துணைக்கு வைத்துக்கொண்டு ரக்பி கற்றுக்கொடுத்தார். 1901இல் யோகோஹாமா வெளிநாட்டவரோடு மோதிய கெய்யோ, 5–35 என்று தோற்றது. பரவாயில்லை, விதை விழுந்த நிலம் பல்கலைக்கழகம். இன்றுவரை அந்த மண்ணின் வாசனை போகவில்லை.

பல்கலைக்கழக மோதல்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் வாசெதா–மெய்ஜி ஆட்டத்தைப் பாருங்கள். ஆண்டுதோறும் டிசம்பர் முதல் ஞாயிறு. கருஞ்சிவப்பும் கறுப்பும் கலந்த பட்டை வாசெதா; ஊதாவும் வெள்ளையும் மெய்ஜி. உண்மையில் அங்கே மோதிக்கொள்வது இரண்டு கொள்கைகள். கிதாஜிமா சூஜி என்ற ஒரே மனிதர் 1929இலிருந்து 1996இல் இறக்கும்வரை, 67 ஆண்டுகள், மெய்ஜியைப் பயிற்றுவித்தார். அவர் உபதேசம் ஒன்றே: முன்னே போ. குறுக்குவழி வேண்டாம், எதிரே நிற்பவனைத் தள்ளிக்கொண்டு நேராகப் போ. வாசெதா நேரெதிர். பந்தை விரித்து ஓரத்துக்குக் கொண்டுபோய், எதிராளியைக் குலுக்கி, இடைவெளி திறந்ததும் நுழையும். அந்தப் பள்ளியிலிருந்து வந்த ஓனிஷி தெத்சுனோசுகே தேசிய அணிக்குப் பயிற்சியாளரானபோது, சிறிய உடம்புக்கு ஏற்ற ரக்பி என்ன என்பதை ஒரு கோட்பாடாகவே வகுத்தார். 1968இல் நியூசிலாந்து மண்ணில் அந்நாட்டு ஜூனியர் அணியை 23–19 என்று வென்றது அவருடைய அணி. 1971இல் இங்கிலாந்து தோக்கியோவில் 6–3 என்று தப்பித்துப் போனது.

பட்டம் வாங்கியவர்கள் எங்கே ஆடுவார்கள்? நிறுவனங்களில். இரும்பாலையின் அணி, மோட்டார் கம்பெனியின் அணி என்றுதான் பெரியவர்களின் ரக்பி வளர்ந்தது. வடகிழக்குக் கடலோரத்தில் மீனும் இரும்பும் மட்டுமே பிழைப்பாக இருந்த கமாய்ஷி என்ற சிற்றூரின் ஆலை அணி, 1979 முதல் 1985 வரை தொடர்ந்து 7 முறை ஜப்பான் பட்டத்தை வென்றது. மீன் நிறைய அகப்பட்டால் படகில் ஏற்றும் பெரிய வண்ணக் கொடிகளை ரசிகர்கள் அரங்கில் அசைத்தார்கள். 2011 சுனாமி அந்த ஊரை அடித்துச் சென்றது. அங்கே இடிந்த பள்ளிகள் நின்ற இடத்தில் ஓர் அரங்கம் எழுந்தது. 2019 உலகக் கோப்பையில் உருகுவே ஃபிஜியை 30–27 என்று திகைக்கவைத்தது அங்கேதான்.

இத்தனை இருந்தும் உலக அரங்கில் ஜப்பான் நெடுங்காலம் அடிவாங்கியது. 1995 உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் 17–145. எண் சரிதானா என்று திரும்பப் படிக்க வேண்டாம், சரிதான்.

பிறகு 2015 உலகக் கோப்பை: செப்டம்பர் 19, இங்கிலாந்தின் பிரைட்டன். அதற்குள் இரண்டு முறை உலக சாம்பியனாகியிருந்த தென்னாப்பிரிக்கா 32–29 என்று முன்னிலை. நேரம் முடிகிறது, ஜப்பானுக்குப் பெனால்டி. உதைத்தால் சமன். பயிற்சியாளர் எடி ஜோன்ஸ் உதைக்கத்தான் விரும்பினார். கேப்டன் மைக்கேல் லீச், நியூசிலாந்தில் பிறந்து 15 வயதில் சப்போரோவுக்குப் படிக்க வந்தவர், ஸ்க்ரம் கேட்டார்; அதாவது இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் கோத்து நின்று பந்துக்காக முட்டித் தள்ளுவது. இந்தக் கடைசி நிமிடங்களை மட்டும் தனியாகப் பாருங்கள். முதலில் எட்டுப் பேர் சேர்ந்து நேராகத் தள்ளுவது மெய்ஜி. தள்ளித் தள்ளி எதிரணியை வலப்பக்கம் குவித்துவிட்டு, திடீரென்று பந்தை இடப்பக்கம் நீளமாக எறிவது வாசெதா. மூலையில் கார்ன் ஹெஸ்கெத் விழுந்து ட்ரை போட்டார்: 34–32. வெற்றியைப் பலரும் அதிசயம் என்றார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. எண்பது ஆண்டு வாக்குவாதத்தில் இரண்டு கட்சியும் ஒரே தாக்குதலில் சேர்ந்துகொண்டதாகத்தான் எனக்குப் படுகிறது.

2019இல் சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பை ஆட்டங்களில், ஹகிபிஸ் புயல் கடந்த மறுநாள் யோகோஹாமாவில் ஸ்காட்லாந்தை 28–21 என்று வென்றதைத் தேர்ந்தெடுங்கள். அதில் இனாகாகி கெய்த்தாவின் ட்ரை. பிடிபட்டு விழுகிற ஒவ்வொருவரும், விழுவதற்குள் பந்தை அடுத்தவர் கையில் தந்துவிடுகிறார்கள். மூன்று கை மாறி, ஸ்க்ரமில் முதல் வரிசையில் முட்டுவதே வேலையான ஒரு கனத்த ஆள், கம்பங்களுக்கு நடுவே வந்து விழுகிறார். சர்வதேச ஆட்டங்களில் அவருக்கு அது முதல் ட்ரை. அந்த அணியில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இது ஜப்பான் அணியா என்று கேட்டவர்கள் உண்டு. ஆட்டத்தைப் பார்த்தால் கேள்விக்கு வேலையில்லை: டோங்காவில் பிறந்தவரும் காலைத்தான் கட்டுகிறார்.

காலிறுதியில் தென்னாப்பிரிக்கா எடையால் நசுக்கியது, 3–26. 2023இல் முதல் சுற்றோடு திரும்பினார்கள். 2024இல் எடி ஜோன்ஸ் மறுபடி வந்து, இன்னும் வேகம் என்கிறார். வேகம் மட்டும் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம். மெய்ஜிக்காரர்கள் என் பக்கம் இருப்பார்கள்.

பார்க்கத் தொடங்க ஓர் ஆலோசனை. 1987 டிசம்பரில் பனி விழுந்த வாசெதா–மெய்ஜி ஆட்டத்தைத் தேடிப் பிடியுங்கள். 10–7 என்று வாசெதா முன்னிலை, கடைசி நிமிடங்களில் மெய்ஜிக்குப் பெனால்டி, உதைத்தால் சமன். அவர்கள் உதைக்கவில்லை. ட்ரைக்கே முட்டினார்கள், வாசெதா கோட்டிலேயே நின்று தடுத்துவிட்டது. அதைப் பார்த்த கையோடு பிரைட்டனைப் போடுங்கள்.