ஜடேஜாவைக் கொடுத்த நாளும் நம் வாதங்களும்

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. முதல் ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து மதியம் வெளியே வந்தவர்கள் செல்போனைத் திறந்ததும் பார்த்த செய்தி ஒன்றுதான். ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டிருந்தது சென்னை சூப்பர் கிங்ஸ். அன்று சாயந்திரம் நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் நான் நின்ற அரை மணி நேரமும் வேறு பேச்சே இல்லை.

“ஜட்டுக்கு முப்பத்தேழு ஆகப்போவுதுண்ணே. இன்னும் எத்தினி வருசம் ஓட்ட முடியும்?”

“அதுக்காக? ரெண்டு பால்ல பத்து ரன் அடிச்சி கப்பு வாங்கிக் குடுத்தவர அனுப்பிடுவியா?”

“தல தோனி போனா கீப்பர் யாரு? அத யோசிச்சியா நீ?”

இதை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐபிஎல்லில் ஓர் அணி அதிகபட்சம் 25 பேரை வைத்துக்கொள்ளலாம். அவர்களில் வெளிநாட்டவர் 8 பேர் வரை. களத்தில் இறங்கும் பதினொருவரில் வெளிநாட்டவர் 4 பேர் வரை. கையிருப்புப் பணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. இந்த வேலிகளுக்குள் யாரை வைப்பது, யாரை விடுவது என்று எந்தக் குறிப்பும் பார்க்காமல் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இவர்களுடைய தொழிலறிவு இருக்கிறது. ஒரு ஷிப்டில் யார் லீவு போட்டால் எந்த மிஷின் நிற்கும் என்பது இவர்களுக்கு அத்துப்படி. அதனால்தான் அந்த மாலை ஒருவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: “ஜட்டு ஒரு ஆள் இல்லப்பா, மூணு ஆள் வேல.” இடது கைச் சுழல், ஏழாவதாக வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் மட்டை, பாயிண்டில் பாய்ந்து தடுக்கும் கை. ஒருவர் போனதால் மூன்று இடம் காலி. தொலைக்காட்சியில் பல மணி நேரம் நீண்ட அலசல்கள்கூட இதைவிடக் கூடுதலாக எதையும் எனக்குச் சொல்லவில்லை.

அணிக்கு என்ன தேவை என்று பேசும்போது ரசிகர்களின் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் ஐபிஎல் ஏலம் முடிந்த கையோடு இங்கே எழுந்த குறை, முதல் ஆறு ஓவரில் அடித்து ஆடக்கூடிய மட்டையாளர்கள் இல்லை என்பது. 2025 ஏப்ரல் 11 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுக்கு எதிராகச் சென்னை 20 ஓவரில் எடுத்தது 9 விக்கெட்டுக்கு 103. அந்த ஆண்டுதான் முதன்முறையாகப் புள்ளிப் பட்டியலின் கடைசி இடத்தில் அணி நின்றது. பாதிப் பருவத்தில் 17 வயது ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் ஆகியோரை மாற்று வீரர்களாக அழைத்து வந்த பிறகே ஆட்டத்துக்கு வேகம் வந்தது. இந்த உர்வில் படேல், ஜெட்டாவில் யாரும் வாங்காமல் விட்ட இரண்டே நாளில் சையது முஷ்டாக் அலி கோப்பையில் 28 பந்தில் சதம் அடித்தவர்.

ஆனால் அதே டீக்கடையில், நூர் அகமதுக்கு 10 கோடி கொடுத்தது வீண் என்றும் சொன்னார்கள். அவர் அந்தப் பருவத்தில் 24 விக்கெட் எடுத்தார். சரியாகச் சொன்னதை ஒரு வருடம் கழித்தும் எடுத்துக்காட்டுகிறவர்கள், தவறிப்போனதை மறந்துவிடுகிறார்கள். நானும் மறந்திருக்கிறேன். தன் பழைய கணிப்பைத் திரும்பிப் பார்க்காத வாதம் ஆண்டுதோறும் அதே இடத்தில்தான் மறுபடி தொடங்கும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. விலையைத் திறமையின் அளவாக எடுத்துக்கொள்வது. ஏலத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் தொகை, அந்த நிமிடத்தில் எத்தனை அணிகளுக்கு அந்த இடத்தில் ஆள் தேவைப்பட்டது, யார் கையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதைப் பொறுத்தது. 2025 டிசம்பர் 16 அன்று அபுதாபியில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களைத் தலா 14.20 கோடிக்குச் சென்னை வாங்கியது. இருவரின் அடிப்படை விலையும் 30 லட்சம். அடுத்த நாள் முழுக்க “தகுமா, தகாதா” என்று சண்டை. அவர்கள் ஆடி ஒரு முழு ஆட்டத்தையாவது பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தொகை மட்டும் தெரியும், ஆட்டம் தெரியாது. ஜடேஜாவின் சம்பளம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்ததையும் அவரை அவமதித்ததாகவே படித்தார்கள்.

சாய் சுதர்சனின் கதை இதற்கு நேர்மாறு. 2022இல் குஜராத் டைட்டன்ஸ் அவரை 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஏலத்தில் கோவை அணி அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம். உள்ளூர்ப் போட்டியின் விலை ஐபிஎல் விலையைத் தாண்டியது. அவரைச் சென்னை லீக்கிலும் டிஎன்பிஎல்லிலும் கண்ணால் பார்த்தவர்கள் போட்ட விலை அது. 2025 ஐபிஎல்லில் 759 ரன் குவித்து ஆரஞ்சுத் தொப்பியை வாங்கியபோது, பார்த்தவர்களின் கணக்கே சரி என்று ஆயிற்று.

இனி, என் மனதை உறுத்துகிற ஒன்று. அணி மாறும் வீரரைத் துரோகி என்பது. 2024இல் குஜராத்திலிருந்து மும்பைக்குத் திரும்பிய ஹர்திக் பாண்டியாவை மைதானம் மைதானமாகக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். அதை ரசித்துச் சிரித்தவர்கள் நம் ஊரிலும் இருந்தார்கள். ஜடேஜாவைப் பற்றியும் “காசுக்குப் போயிட்டாரு” என்று ஒரு குரல் கேட்டது. ஜடேஜாவின் கதையைப் பின்னாலிருந்து படித்துப் பார்க்க வேண்டும். 2008இல் கோப்பை வென்ற ராஜஸ்தான் அணியில் இருந்தவர் அவர். ஒப்பந்தம் முறையாகப் புதுப்பிக்கப்படாத நிலையில் வேறோர் அணியுடன் தானே பேசினார் என்பதற்காக 2010 பருவம் முழுவதும் ஆடக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அடுத்து கொச்சி, அந்த அணி ஒரே வருடத்தில் கலைந்தது. பிறகு 2012இல் சென்னை. இரண்டு அணிகள் கைமாற்றிக்கொண்டால் அது பரிமாற்றம், வீரன் தன் இடத்தைத் தானே தேடினால் அது குற்றம். பரிமாற்றத்துக்கு வீரரின் சம்மதம் வேண்டும் என்ற விதி இருப்பது நல்லதே. ஆனால் கதவைத் தட்டும் உரிமை அவர் கையில் இல்லை.

2023இல் ஜடேஜா வெளிப்படையாகவே ஒன்றைச் சொன்னார்: தான் முன்னால் இறங்கினால், தோனி வர வேண்டும் என்பதற்காக ரசிகர்கள் தான் அவுட்டாகக் காத்திருப்பார்கள் என்று. புன்னகையோடு சொன்னாலும் அதில் வலி இருந்தது. அந்த ஆண்டு மே மாதக் கடைசியில் அகமதாபாத் இறுதிப் போட்டியில் மோகித் சர்மாவின் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்துக் கோப்பையைக் கொண்டுவந்தவர் அவர்தான். யார் யாருக்கு விசுவாசமாக இருந்தார்கள் என்று கேட்டால் ரசிகர் தரப்பிலும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தத் தொழிற்பேட்டையில் மாதம் ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த கம்பெனிக்குப் போகிறவர்கள் ஏராளம். கான்ட்ராக்டர் மாறினால் அதே வாசலில் வேறு அட்டையோடு நுழைகிறவர்களும் உண்டு. அவர்களை யாரும் துரோகி என்பதில்லை, சொல்லவும் கூடாது. உழைப்பவன் இடம் மாறுவதன் நியாயம் மற்றவர்களைவிட இவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த அறிவு கிரிக்கெட் பேச்சுக்கு வரும்போது மட்டும் ஏன் வாசலிலேயே நின்றுவிடுகிறது என்பதே என் கேள்வி.

இந்த வாதம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் வழக்கமாக அக்டோபரில் இதே சூட்டோடு வாதம் நடக்கும். அங்கே கிளப்புகள் வீரரை விலைக்கு விற்பதில்லை. வீரருக்கு ஈடாக வேறு வீரரையோ, வரப்போகும் இளைஞர் தேர்வில் முன்னுரிமை வரிசையையோ கொடுக்கும். பின்தங்கிய அணிக்குத் தேர்வில் முதல் வாய்ப்பு. ஆனால் அங்கும் 2020இல் காலிங்வுட் கிளப் சம்பள உச்சவரம்பு நெருக்கடியில், ஒப்பந்தம் மீதமிருக்கும்போதே ஆடம் ட்ரெலோரை வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்கு அனுப்பியபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அங்கே உள்ள பல கிளப்புகளில் சந்தா கட்டும் உறுப்பினர்களுக்கு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு உண்டு. கோபம் போய்ச் சேர ஒரு பெட்டி இருக்கிறது. நம் ரசிகரிடம் டிக்கெட்டும் மஞ்சள் சட்டையும்தான் இருக்கின்றன. கேட்க ஆள் இல்லாத இடத்தில் குரல் உயர்ந்து வசையாகிறது.

“நம்ம பசங்கள எடுக்கல” என்ற குறையையும் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலில் தருமபுரி சட்டமன்ற உறுப்பினர் எஸ்.பி.வெங்கடேஸ்வரன், தமிழக வீரர்கள் இல்லாத சென்னை அணியைத் தடை செய்ய வேண்டும் என்று சட்டசபையிலேயே பேசினார். அந்த ஆதங்கத்தில் உண்மை உண்டு. ஆனால் கும்மிடிப்பூண்டியில் நின்று “நம்ம ஆளு” என்று சொல்லும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். இங்கே பல வீடுகளில் பேச்சு தெலுங்கு. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். பக்கத்து மிஷினில் நிற்பவர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர், மஞ்சள் சட்டை போட்டவர். பிறந்த ஊரைக் காட்டி அணியில் இடம் கேட்பதைவிட, இந்த மண்ணில் ஆடுகிறவனைக் கண்டுபிடித்தார்களா என்று கேட்பதே வலுவான கேள்வி.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகியவர் நடராஜன். 2017 ஏலத்தில் 3 கோடி கொடுத்து அவரை எடுத்தது பஞ்சாப். கட்டடக் கலைஞர் வேலையை விட்டுவிட்டு வந்த வருண் சக்கரவர்த்தியும் டென்னிஸ் பந்தில் தேறியவர்தான். 2018 டிஎன்பிஎல்லில் மதுரை அணிக்காக ஆடினார். அந்த ஆண்டு டிசம்பர் ஏலத்தில் 8.4 கோடி கொடுத்து அவரை எடுத்ததும் பஞ்சாப்தான். இருவரையும் முதலில் கண்டுகொண்டவர்கள் ஏரிக்கரையிலும் பொட்டலிலும் நின்று பார்த்தவர்கள்.

அந்தக் கண் இங்கேயும் இருக்கிறது. கோடையில் பொன்னேரி, கவரைப்பேட்டை, எளாவூர்ப் பக்கத்து மைதானங்களில் டோர்னமென்ட் நடக்கும்போது வெளியூர் ஆளை இறக்கலாமா கூடாதா என்று நடக்கும் வாதத்தைக் கேட்டிருக்கிறேன். அது வேறு தரம். “அவன் ஸ்லோ பால் போட்றப்போ தோள் எறங்கும், பாத்துக்கோ” என்பார் ஒருவர். “ஈரத் தரையில அவன் பந்து எழும்பாது” என்பார் இன்னொருவர். விலைப் பேச்சே கிடையாது. பார்த்ததை மட்டும் பேசுவார்கள். அதே மனிதர்கள் திங்கள்கிழமை டீக்கடையில் பார்க்காத ஆளின் 14 கோடிக்காக அடித்துக்கொள்வார்கள்.

போன கோடையில் அப்படியோர் ஆட்டத்தில் ஒரு பையன் இடது கையில் வீசினான். நான்கு ஓவரில் யாராலும் அவனைத் தூக்கி அடிக்க முடியவில்லை. ஆட்டம் முடிந்து பெயரைக் கேட்டேன். ஊர் மட்டும் சொன்னார்கள். பெயர் அங்கே நின்ற யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.