மூன்று பேர் டென்ட்டில் இரண்டு பேர்

டென்ட் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது உறையில் அச்சிட்டிருக்கும் ஆள் எண்ணிக்கையை. '2 பேர்' என்று போட்டிருந்தால் இரண்டு பேர் படுக்கலாம்தான். ரயிலில் ஆர்ஏசி இருக்கையில் இரண்டு பேர் இரவைக் கழிப்பதும் நடக்கிற காரியம்தானே!

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். படுக்க விரிக்கும் சாதாரண மேட்டின் அகலம் 51 செ.மீ. மலையேறிகளிடையே பேர்போன எம்எஸ்ஆர் ஹப்பா ஹப்பா டென்ட்டின் இருவர் மாடலில் தரை 127க்கு 213 செ.மீ. இரண்டு மேட் விரித்தால் 102 போய்விடும், மிச்சம் 25. பிக் ஆக்னஸ் காப்பர் ஸ்பர் இருவர் மாடல் தலைமாட்டில் 132, கால்மாட்டில் 107 எனக் குறுகும். முதுகில் சுமக்கிற எடையில் ஒவ்வொரு கிராமையும் குறைக்கப் பார்க்கிறவர்களுக்காக வெட்டிய அளவுகள் இவை, அவர்களுக்குப் போதும். நனைந்த துணி, பை, டார்ச், தண்ணீர் பாட்டில், பாதி ராத்திரியில் புரண்டு படுக்கும் நண்பர் இவ்வளவையும் சேர்த்துக்கொண்டால் போதாது. ஆகவே நான் பார்த்து வாங்கியது மூன்று பேர் டென்ட், இரண்டு பேருக்கு.

சீனத் தயாரிப்பு, ரூ.12,000க்குச் சற்று மேல். பெயர் சொல்லப் போவதில்லை. இதே தையலும் இதே கம்பியும் வேறு வேறு முத்திரையோடு இணையக் கடைகளில் கிடைக்கின்றன. முத்திரையைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். தரை 180க்கு 210, நடு உயரம் 115 செ.மீ. அலுமினியக் கம்பிகள், பாலியெஸ்டர் மேல்விரிப்பு, முழுக்க வலையாலான உள்கூடு, எதிரெதிரே இரண்டு வாசல்.

தரையின் பரப்பளவு மட்டும் இடத்தைச் சொல்லிவிடாது. இரண்டே கம்பிகள் குறுக்காகப் போகும் குவிமாட டென்ட்டில் உயரம் நட்ட நடுவில்தான் இருக்கும். ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாலும் தலை துணியில் இடிக்கும். இதில் உச்சியில் மூன்றாவதாக ஒரு குட்டைக் கம்பி குறுக்கே போகிறது. அது இரண்டு பக்கச் சுவரையும் வெளியே இழுத்துப் பிடிப்பதால், இருவரும் அவரவர் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சீட்டாடலாம். கடையில் விரித்து வைத்திருக்கும் டென்ட்டுக்குள் போனால் நடுவில் உட்காராதீர்கள், ஓரத்தில் உட்காருங்கள். அப்புறம் காலை நீட்டிப் படுங்கள். ஸ்லீப்பிங் பேக்கின் நுனி சாய்ந்த சுவரைத் தொடுகிறதா? தொட்டால் விடியற்காலையில் அந்த நுனி ஈரமாகத்தான் இருக்கும். ஆறடிக்காரர்களுக்கு 210 செ.மீ. நீளமே எல்லை.

இரண்டு வாசல் ஆடம்பரம் என்று நினைத்தேன். இப்போது ஒற்றை வாசல் டென்ட்டை இரண்டு பேருக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் அடுத்தவரைத் தாண்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு வாசலுக்கு வெளியிலும் மேல்விரிப்பு நீண்டு ஒரு சின்னத் தாழ்வாரம் கிடைக்கிறது. சேறு அப்பிய ஷூவும் நனைந்த பையும் அங்கே கிடக்கட்டும். அடுப்பை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். துணி தீப்பிடிக்கும், மூடிய இடத்தில் கார்பன் மோனாக்ஸைடும் சேரும்.

முதல் சோதனை மொட்டை மாடியில். கான்கிரீட்டில் முளை இறங்காது. மூலைக்கொரு தண்ணீர்க் கேன் வைத்து இழுத்துக் கட்டினேன். மேல்விரிப்பை வெயிலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தால் தையல்களின் மேல் ஒட்டியிருக்கும் பட்டை தெரியும். அது விட்டுப்போன இடத்தில் ஊசித் துளைகள் வழியே வெளிச்சம் புள்ளி புள்ளியாக வரும். என்னுடையதில் ஒரு மூலையில் விரற்கடை நீளத்துக்கு அப்படி. தையல் பசை தடவி ஒருநாள் காயவிட்டதில் சரியாயிற்று. இதை மலையில் போய்க் கண்டுபிடித்திருந்தால் எரிச்சலாக இருந்திருக்கும்.

அடுத்தது தரை. நீர்ப்புகாத் தன்மையை மில்லிமீட்டரில் சொல்வார்கள்: துணியின் மேல் எத்தனை மி.மீ. உயரத் தண்ணீர் நின்றால் கசியத் தொடங்கும் என்ற அளவு. மழையை மட்டும் தடுக்க வேண்டிய மேல்விரிப்புக்கு 1,500 தாராளம். தரையின் கதை வேறு. 3,000 மி.மீ. என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 300 கிராம் அழுத்தம். 60 கிலோ ஆள் ஈரத் தரையில் மண்டியிட்டால் முழங்காலின் கீழே அதைவிடக் கூடுதலாகவே அழுந்தும். மாடியில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் டென்ட்டை விரித்து உள்ளே மண்டியிட்டுப் பார்த்தேன். உடனே ஒன்றுமில்லை, பத்து நிமிடத்தில் முழங்கால் பதிந்த இடம் மட்டும் வியர்த்தாற்போல ஆனது. என்னைக் கேட்டால், அடிவிரிப்பு தனியாக விற்பதை வாங்க வேண்டாம். தரையைவிட நாலு விரல் உள்ளடங்கும்படி தார்ப்பாயை வெட்டிப் போட்டால் போதும். வெளியே துருத்திக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து அதுவே உள்ளே கொண்டுவந்து சேர்க்கும்.

கொடைக்கானலுக்கு மேலே ஒரு தனியார் தோட்டத்தில், ஐப்பசி மழையில்தான் இதன் குணம் தெரிந்தது. (நம் காடுகளில் நினைத்த இடத்தில் டென்ட் போட முடியாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பிறகு கெடுபிடி கூடியது, அது சரியும்கூட.) மழை உள்ளே வரவில்லை. ஆனால் உள்கூட்டை முதலில் நிறுத்தி, அதன்மேல் மேல்விரிப்பைப் போடும் அமைப்பு இது. கொட்டும் மழையில் அந்த நாலைந்து நிமிடத்துக்குள் வலை வழியே தரை நனைந்துவிடுகிறது. துண்டால் துடைத்துவிட்டுத்தான் படுத்தோம். சுவீடனின் ஹில்லெபர்க் டென்ட்டுகளில் உள்ளும் வெளியும் கோத்தே இருக்கும். இரண்டும் ஒன்றாக எழும்பும். விலை கேட்டால் மயக்கம் வரும், ஆனால் மழை நாட்டுக்கு ஏற்ற யோசனை அதுதான். குறைந்த விலையில் தேடுகிறவர்கள், அடிவிரிப்பும் கம்பியும் மேல்விரிப்பும் மட்டுமே வைத்து முதலில் நிறுத்த முடிகிறதா என்று கேட்டு வாங்கலாம்.

விடிந்ததும் மேல்விரிப்பின் உட்புறம் முழுக்க முத்து முத்தாய் நீர். இதைப் பார்த்துத்தான் பலர் 'டென்ட் ஒழுகுகிறது' என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒழுகவில்லை, நாம் விட்ட மூச்சுதான் குளிர்ந்த துணியில் நீராகப் படிகிறது. உச்சியில் இருக்கும் காற்று வழியைக் குளிருக்குப் பயந்து மூடினால் இன்னும் மோசமாகும். இரண்டு அடுக்கு டென்ட்டில் அந்த நீர் நம்மேல் சொட்டாமல் வலைக்கு வெளியே வழிந்து போகும். ஒற்றை அடுக்கு டென்ட் எடை குறைவு என்று ஆசை காட்டும். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அது வேண்டாம்.

அதே வலை இமாசலத்தில் காலை வாரியது. ஹம்ப்தா கணவாய் 4,200 மீட்டருக்கு மேல். தெற்கே குலு பக்கம் பச்சை, மழை. கணவாயைத் தாண்டி லாஹௌல் பக்கம் இறங்கினால் கல்லும் புழுதியும். ஷியா கோரு முகாமில் சாயங்காலம் பிடித்த காற்று, மேல்விரிப்புக்கும் தரைக்கும் இடையே உள்ள சந்தில் புகுந்து, வலையைச் சலித்து, ஸ்லீப்பிங் பேக்கின் மேல் மெல்லிய மண்ணைத் தூவியது. சூடும் நிற்கவில்லை. தாழ்ந்த மலைகளுக்கு முழு வலை. உயரத்துக்குப் போகிறவர்களுக்குப் பாதிச் சுவராவது துணியாக இருக்கும் உள்கூடு. இரண்டுக்கும் ஒரே டென்ட் என்றால் நான் பாதித் துணியைத்தான் எடுப்பேன்.

காற்றுக்கு அசைந்து கொடுத்ததே தவிர டென்ட் மடங்கவில்லை. கம்பிகள் ஒன்றையொன்று எத்தனை இடத்தில் வெட்டிக்கொள்கின்றனவோ அந்த அளவுக்குச் சட்டகம் உறுதி. பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் கோளக்கூரை யோசனையை எடுத்து நார்த் ஃபேஸ் நிறுவனம் 1975இல் கொண்டுவந்த ஓவல் இன்டென்ஷன் டென்ட்டிலிருந்து வரும் பாடம் இது. ஆனால் இழுகயிறுகளை உறையிலேயே விட்டுவிட்டு 'காற்றில் பறந்தது' என்று சொல்கிறவர்களுக்கு எந்த வடிவமும் உதவாது. உடன் வந்த மெல்லிய கம்பி முளைகள் கல் தரையில் வளைந்தன. 'ஒய்' வடிவ அலுமினிய முளைகள் தனியாக வாங்கினேன்.

உழைப்பு என்று வரும்போது பலர் துணியின் டெனியரைப் பிடித்துக்கொள்கிறார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 20 டெனியர் துணி பார்க்க வெங்காயச் சருகாட்டம் இருந்தாலும் பக்குவமாகப் பயன்படுத்தினால் பல வருடம் வரும். டென்ட் பெரும்பாலும் செத்துப்போவது வேறு மூன்று இடங்களில். ஒன்று கம்பி. மலிவு டென்ட்டுகளில் வரும் ஃபைபர் கிளாஸ் கம்பி நீளவாக்கில் பிளந்து, கையில் சிராய் ஏற்றி, துணியையும் கிழித்துவிட்டுத்தான் ஓயும். அலுமினியம் வளையும், அவ்வளவுதான்; வளைந்த இடத்தில் விரல் நீள ஒட்டுக்குழாயை மாட்டிப் பயணத்தை முடித்துவிடலாம். இன்னொன்று ஜிப். என் டென்ட்டின் பெரிய குறையே அதுதான். மழைத் தடுப்பு மடிப்பை ஜிப் கவ்விக்கொள்கிறது. மற்றக் கையால் மடிப்பை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இழுக்க வேண்டியிருக்கிறது. இருட்டில் அவசரப்பட்டால் கிழியும்.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய எமன்: பூச்சு. துணியின் உட்புறம் பாலியூரித்தேன் பூசியிருப்பார்கள். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் அது வேதியியல்படியே சிதையும். பிசுபிசுக்கும், செதில் செதிலாக உதிரும், வாந்தி நாற்றம் அடிக்கும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊரில் ஈரத்தோடு சுருட்டிப் பரணில் போட்ட டென்ட் அடுத்த சீசனுக்கு உருப்படாது. சிலிக்கான் பூச்சுக்கு இந்தச் சிதைவு இல்லை; ஆனால் இருபக்கமும் சிலிக்கான் பூசிய துணியில் தையல் பட்டை ஒட்டாது, பசையை நாமே தடவ வேண்டும். நைலானா பாலியெஸ்டரா என்றால் எடைக்கு நைலான், நம் மழைக்கும் வெயிலுக்கும் பாலியெஸ்டர். நைலான் ஈரம் குடித்துத் தொய்யும். நடுராத்திரியில் வெளியே போய்க் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டிவரும்.

எடை? உறையில் 2.1 கிலோ. மளிகைக் கடைத் தராசில் வைத்தேன், 2.4. பல நிறுவனங்கள் முளை, கயிறு, உறை எல்லாவற்றையும் கழித்துவிட்டுக் 'குறைந்தபட்ச எடை'யைத்தான் கொட்டை எழுத்தில் போடுகின்றன. பொதி எடை எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். இரண்டு பேர் போகும்போது மேல்விரிப்பும் முளைகளும் ஒருவர் பையில், உள்கூடும் கம்பியும் அடுத்தவர் பையில். ஆளுக்கு 1.2 கிலோ, இந்த இடவசதிக்கு நான் சந்தோஷமாகத் தூக்குவேன். தனியாகப் போகிறவர்களுக்கு இது பாரம்தான், இருவர் மாடலே போதும். காரில் போய்க் காருக்குப் பக்கத்திலேயே போடுகிறவர்கள் எடையை மறந்துவிட்டு நாலு பேர் டென்ட்டாகப் பார்க்கலாம். கெச்சுவா 2005இல் கொண்டுவந்த, வீசினால் விரியும் வகை அவர்களுக்குத் தோதுதான். மடித்தால் பெரிய வட்டத் தட்டாகிவிடும் என்பதால் முதுகில் கட்டி மலையேற மட்டும் ஆகாது.

இதே டென்ட்டை மறுபடி வாங்குவேனா என்றால், ஜிப்பை மாற்றிப் பாதித் துணிச் சுவரோடு வந்தால் இன்னும் இரண்டாயிரம் கூடக் கொடுத்தே வாங்குவேன். வந்தபடியே என்றால், கொடைக்கானலும் ஏற்காடும் போகிற இரண்டு பேருக்குத் தாராளமாக. இமயமலைக்கு மட்டும்தான் என்றால் வேறு பாருங்கள்.