கட்டற்ற ஆவணமும் மேற்கோள் கடமையும்: மென்பொருள் கையேடுகளை எடுத்தாளும் தமிழாய்வு குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

கட்டற்ற மென்பொருள்களின் கையேடுகளைத் தமிழ் ஆய்வேடுகளும் பாடநூல்களும் எடுத்தாளும்போது ஆய்வறம், பதிப்புரிமைச் சட்டம், உரிமம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கடமைகளை விதிக்கின்றன. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்ளும் வழக்கத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. சிறு மேற்கோளுக்கு உரிமம் தடையன்று என்பதும், மொழிபெயர்ப்புக்கு உரிமமே அடிப்படை என்பதும் இதன் வாதம்.

முன்னுரை

கணினித்தமிழ் இன்று தமிழ்த்துறைகளின் பாடத்திட்டத்தில் இடம்பெறுகிறது. மேனிலை இரண்டாமாண்டு மாணவர் பைதான் மொழியைத் தமிழ்வழியே கற்கிறார். பைதான், லிப்ரே ஆபிஸ், உபுண்டு முதலியவற்றின் கையேடுகள் மேற்கோளாகவும் சுருக்கமாகவும் மொழிபெயர்ப்பாகவும் தமிழ் எழுத்துக்குள் வருகின்றன. எடுத்த இடத்தை அடிக்குறிப்பில் சுட்டிவிட்டால் கடமை முடிந்தது என்பது ஒரு சாராரின் எண்ணம். இலவசமாகக் கிடைப்பதைச் சுட்டவும் வேண்டியதில்லை என்பது மற்றொரு சாராரின் எண்ணம். உரிமத்துக்கு உட்பட்ட ஒருவரியை எடுத்தாலும் நூல் முழுவதையும் கட்டற்றதாக்க வேண்டிவரும் என அஞ்சுவோரும் உளர். இம்மூன்று நிலைப்பாடுகளும் ஆராயத்தக்கன.

இலவசமும் கட்டற்றதும்

‘இலவச மென்பொருள்’ என்னும் தொடரே முதற்பிழைக்கு இடமளிக்கிறது. கட்டற்றது என்பது விலையைக் குறிப்பதன்று. பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் உள்ள உரிமையைக் குறிப்பது. அவ்வுரிமையைத் தருவது பதிப்புரிமையே. உரிமையாளர் தம் பதிப்புரிமையைத் துறப்பதில்லை. அதன்மேல் நின்று நிபந்தனையுடன் இசைவு தருகிறார்.

திண்டுக்கல் சமவெளியில் சின்னாளபட்டியை அடுத்துள்ள காந்திகிராமம் 1947இல் தோன்றியது. அது யாருடைய பெயரைத் தாங்குகிறதோ அவருடைய பதிப்பு வரலாறே இவ்வேறுபாட்டை விளக்கப் போதுமானது. காந்தியடிகள் 1910இல் ‘இந்து சுயராஜ்யம்’ நூலின் ஆங்கில வடிவத்தை வெளியிட்டபோது, உரிமை எதுவும் காக்கப்படவில்லை என்ற குறிப்புடன் வெளியிட்டார். 1940இல் தம் எழுத்துகளின் உரிமையை நவஜீவன் அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். முன்னது துறவு, பின்னது பாதுகாவல். கட்டற்ற உரிமங்கள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. யாவரும் எடுக்கலாம், எடுத்தவர் அடுத்தவருக்குக் கதவை அடைக்கலாகாது. இந்நிபந்தனையை நீக்கிவிட்டால் ‘கட்டற்ற’ என்னும் அடைமொழி பொருளிழக்கும்.

கையேட்டின் உரிமம் தனி

மென்பொருள் கட்டற்றதாயின் அதன் கையேடும் கட்டற்றதே என்று கொள்வது பரவலான பிழை. மைஎஸ்க்யூஎல் தரவுதள மென்பொருள் ஜிஎன்யூ பொது உரிமத்தில் கிடைக்கிறது. ஆயினும் ஆரக்கிள் நிறுவனம் வெளியிடும் அதன் கையேடு அவ்வுரிமத்தின்கீழ் வழங்கப்படவில்லை என அக்கையேடே அறிவிக்கிறது. எனவே அதன் ஓர் இயலைத் தமிழாக்கி நூலில் சேர்ப்பவருக்கு மென்பொருளின் உரிமம் துணைநில்லாது.

பிற கையேடுகளும் ஒரே தன்மையன அல்ல. பிஎச்பி கையேடு, ஆக்கியோரைச் சுட்டினால் போதும் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளது. உபுண்டு ஆவணங்கள், அதே வழியில் பகிர்தல் என்னும் கூடுதல் நிபந்தனையை உடையன. ‘புரோ கிட்’ நூல் வணிக நோக்கத்தை விலக்குகிறது. விலைக்கு விற்கும் பாடநூலில் அதைச் சேர்க்க இயலாது. ஈமேக்ஸ் கையேடு, மாற்றலாகாப் பகுதிகளைக் கொண்ட ஜிஎன்யூ கட்டற்ற ஆவண உரிமத்தில் உள்ளது. ஆகவே கையேட்டின் உரிமப் பக்கத்தை வாசிப்பதும் மூலபாடம் தேர்வதன் ஒரு பகுதியே.

மேற்கோளும் மொழிபெயர்ப்பும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52(1)(அ) ஆய்வு உள்ளிட்ட தனிப்பயன்பாட்டுக்கும் திறனாய்வுக்கும் நேரிய கையாளுகையை அனுமதிக்கிறது. கையேட்டின் ஒரு பத்தியை மேற்கோள் காட்டி அதன் விளக்கமுறையை விமரிசிப்பவர் இப்பிரிவின் நிழலில் நிற்கிறார். அவருக்கு உரிமத்தின் இசைவு தேவையில்லை. ஆகவே அதன் நிபந்தனைகளும் அவரைக் கட்டா. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் 4.0 பதிப்பு, சட்ட விலக்குகள் பொருந்துமிடத்தில் தான் பொருந்துவதில்லை என வெளிப்படையாகவே கூறுகிறது. பதிப்புரிமைச் சட்டப்படி இசைவு தேவைப்படும் வகையில் படியெடுக்கும்போதே ஒருவர் உரிமத்தை ஏற்கிறார் என்பது ஆவண உரிமத்தின் நிலை. ஒருவரி மேற்கோளால் ஆய்வேடு முழுவதும் உரிமத்துக்கு உட்படும் என்ற அச்சம் அடிப்படையற்றது.

ஆனால் தமிழில் நிகழ்வது பெரும்பாலும் மேற்கோள் அன்று. மூலம் ஆங்கிலமாதலின், எடுத்தாளுகை மொழிபெயர்ப்பாகவே வருகிறது. மொழிபெயர்க்கும் உரிமை பிரிவு 14இன்படி உரிமையாளருக்கு உரியது. ஓரிரு தொடர்களைத் தமிழாக்கித் திறனாய்வது நேரிய கையாளுகைக்குள் அடங்கலாம். ஓர் இயலைத் தமிழாக்கித் தம் நடையில் எழுதியதுபோல் வெளியிடுவது அடங்காது. அங்கு உரிமம் ஒன்றே வாயில். அதன் நிபந்தனைகளே படிகள். மேற்கோள்குறி இல்லாமையால் வாசகருக்கு இவ்வெல்லை புலப்படுவதில்லை. ஆங்கில ஆய்வுலகின் மேற்கோள் விதிகளைத் தமிழுக்கு அப்படியே பொருத்துவதன் குறை இங்கேயே உள்ளது.

மற்றொரு நுட்பமும் உண்டு. பிரிவு 52(1)(அ) கணினி நிரலைத் தன் வரம்பிலிருந்து விலக்குகிறது. கையேட்டின் உரைநடை இலக்கியப் படைப்பு. அதனிடையே வரும் நிரல் எடுத்துக்காட்டு நிரலாகக் கொள்ளப்படலாம். இரண்டு வரி எடுத்துக்காட்டில் காக்கத்தக்க புதுமை இல்லாதிருக்கலாம். பக்கம் நிறைந்த நிரலுக்கு அவ்வாறு கூறவியலாது. பைதான் ஆவணம் 3.8.6 பதிப்பு முதல் தன் எடுத்துக்காட்டு நிரல்களை, எக்கடமையும் விதிக்காத பூச்சியக்கூறு பிஎஸ்டி உரிமத்திலும் வழங்குகிறது. உரையையும் நிரலையும் பிரித்தறியும் இம்முன்மாதிரி தமிழ்ப் பாடநூலாசிரியருக்கும் பொருந்தும்.

ஆவண உரிமம் தமிழுக்கு வைக்கும் சோதனை

கடமைகளை வலியுறுத்தும் இக்கட்டுரை உரிமங்களின் குறைகளை மறைப்பதற்கில்லை. ஜிஎன்யூ கட்டற்ற ஆவண உரிமம், மாற்றலாகாப் பகுதிகளை நீக்கவோ திருத்தவோ அனுமதிப்பதில்லை. அவற்றின் மொழிபெயர்ப்பைச் சேர்க்கலாம். ஆயின் தனி இசைவு இல்லாதவிடத்து ஆங்கில மூலத்தையும் உடன் அச்சிடவேண்டும். ஈமேக்ஸ் கையேட்டைத் தமிழாக்குபவர் ஜிஎன்யூ கொள்கை அறிக்கையை ஆங்கிலத்திலும் சுமந்தாக வேண்டும். மொழிபெயர்ப்புச் சுதந்திரத்தை ஒரு கையால் தந்து மறுகையால் சுருக்கும் விதி இது.

அச்சுப்படிகள் நூற்றைக் கடந்தால் கடமை மேலும் கூடும். எடுத்துக்காட்டாக, திண்டுக்கல்லில் ஒரு கருத்தரங்கத் தொகுப்பு 150 படிகள் அச்சாவதாகவும், அதில் இவ்வுரிமத்தின்கீழுள்ள கையேட்டின் ஓர் இயல் தமிழில் முழுமையாக இடம்பெறுவதாகவும் கொள்வோம். அப்போது எவரும் திருத்தத்தக்க கோப்பு வடிவம் ஒன்றையும் வழங்கவேண்டும், அல்லது அது கிடைக்குமிடத்தைக் குறிக்கவேண்டும். வெளியீட்டுக்கென மட்டும் உருவாக்கிய பிடிஎஃப் அதற்குப் போதாது. தமிழ் அச்சுலகில் தனியார் எழுத்துருக் குறியேற்றங்களில் அமைந்த கோப்புகள் இன்றும் புழங்குகின்றன. அவ்வெழுத்துரு இல்லாதவருக்கு அக்கோப்பு படிக்கவே இயலாத குறிக்கூட்டம். தமிழக அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஒருங்குறிக் கோப்பை வழங்குவதே இந்நிபந்தனையின் நோக்கத்தை நிறைவேற்றும். சுமையெனத் தோன்றும் இவ்விதி தமிழ்ப் பதிப்புக்கு நன்மையே செய்கிறது.

இவ்வுரிமத்தின் இடர்ப்பாடுகளைத் தமிழ் விக்கிப்பீடியாவும் அறியும். 2003இல் தொடங்கிய அது பிற விக்கிப்பீடியாக்களைப் போலவே இவ்வுரிமத்தில் இயங்கியது. 2008 நவம்பரில் வந்த 1.3 பதிப்பு இடமளித்ததனால், 2009இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறியது. சிறு கட்டுரை ஒன்றை அச்சிட உரிமத்தின் முழுவாசகத்தையும் உடன் அச்சிடவேண்டிய நிலை அத்துடன் நீங்கியது.

ஒப்புமை விழுக்காட்டின் போதாமை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, பத்து விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. இசைவோ சுட்டுதலோ உடைய மேற்கோள்களைக் கணக்கிலிருந்து விலக்குகிறது. கருத்துத் திருட்டைத் தடுக்க இது உதவலாம். ஆனால் விழுக்காடு உரிமத்தை அளப்பதில்லை. ஆங்கிலக் கையேட்டின் தமிழாக்கம், சொற்களை ஒப்பிடும் மென்பொருளுக்குப் புதிய எழுத்தாகவே தோன்றும். ஒப்புமை பூச்சியமாக உள்ள ஆய்வேடும் உரிமத்தை மீறியிருக்கக்கூடும். உரிமப்படி முறையாக எடுத்தாண்ட ஆய்வேடு உயர்ந்த ஒப்புமை காட்டவும்கூடும். சான்றிதழை அறத்தின் அளவுகோலாகக் கொள்ளும் போக்கு மறுபரிசீலனைக்குரியது.

தன்னார்வலர் உருவாக்கிய கையேட்டுக்காக எவர் வழக்குத் தொடுப்பார் என்னும் வினா எழலாம். வழக்கு வாராதிருப்பது கடமை இல்லாதிருப்பதாகாது. 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ இதழைச் சார்ந்தோர் தமிழிலேயே மென்பொருள் நூல்களை எழுதிக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வழங்கிவருகின்றனர். அத்தகைய உழைப்பு ஒரு பாடநூலுக்குள் பெயரின்றிச் சென்று ‘அனைத்துரிமையும் பதிப்பகத்தாருக்கே’ என்னும் வரியின்கீழ் அடைபட்டால், அடுத்து வரும் மாணவர் அதைத் திருத்தவோ பகிரவோ அஞ்சுவார். இழப்பு எழுதியவருக்கு மட்டுமன்று. தமிழ்க் கலைச்சொல் வளர்ச்சிக்கும் ஆகும்.

முடிவுரை

திறனாய்வுக்கான சிறு மேற்கோளுக்கு முறையான சுட்டுதல் போதும். பெரும்பகுதியை மொழிபெயர்ப்பதற்கு ஆக்கியோர் பெயர், மூலத்தின் பதிப்பு, உரிமத்தின் பெயரும் எண்ணும், செய்த மாற்றம் ஆகிய நான்கையும் அவ்வியலின் தலைப்பிலேயே குறித்தல் வேண்டும். அதே வழியில் பகிரும் உரிமமாயின் அம்மொழிபெயர்ப்புப் பகுதியை அதே உரிமத்தில் வழங்கவேண்டும். தனித்து நிற்கும் பிற இயல்களை அது கட்டாது. பதிப்புரிமைப் பக்கத்தில் அப்பகுதியை விலக்கிக் காட்டும் ஒருவரி இதற்குப் போதுமானது. ஆய்வேடுகளின் உறுதிமொழிப் பக்கத்தில் ‘எடுத்தாண்ட உரிமங்கள்’ என்னும் ஒரு பத்தியைச் சேர்க்கப் பல்கலைக்கழகங்கள் வகைசெய்தல் நலம். நெறியாளர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தம் மாணவரிடம் மூலநூலின் பெயரோடு அதன் உரிமத்தின் பெயரையும் கேட்கத் தொடங்கலாம்.