டாக் பிரெஸ்காட்டும் அந்த ஏழு ஆட்டங்களும்

டாலஸ் கவ்பாய்ஸ் ரசிகர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டில் வந்து நிற்கும். இவரை வைத்துக்கொண்டு சூப்பர் பவுல் இறுதிப் போட்டியின் பக்கமே போக முடியாது என்பது ஒரு கட்சி. இவரும் இல்லையென்றால் ப்ளேஆஃப் வாசலைக்கூட மிதிக்க முடியாது என்பது எதிர்க்கட்சி. 2016இல் தொடங்கிய வழக்கு இது. எது டாக்கின் பொறுப்பு, எது நிர்வாகத்தின் பொறுப்பு என்ற அடிப்படையான கேள்வியை இரண்டு கட்சிகளும் தவறவிடுகின்றன என்பதே என் வாதம்.

அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதல் ஒவ்வொன்றும் குவாட்டர்பேக்கின் கையில்தான் தொடங்குகிறது. பந்து கைக்கு வந்த இரண்டு மூன்று விநாடிகளுக்குள், எதிரணி வீரர்கள் மேலே வந்து விழுவதற்குள், யாருக்கு எறிவது என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். அதனால் வெற்றியும் தோல்வியும் அவர் பெயரிலேயே எழுதப்படுகின்றன. என்எஃப்எல் லீக்கின் 32 அணிகளில் 14 மட்டுமே ப்ளேஆஃப் போகும். அங்கே ஒரே ஒரு தோல்வி, சீசன் முடிந்தது.

டாக்கின் ப்ளேஆஃப் கணக்கு: ஏழு ஆட்டம், இரண்டு வெற்றி, ஐந்து தோல்வி. எதிர்ப்பாளர்களின் மொத்த ஆயுதமும் இதுதான். கவ்பாய்ஸ் கடைசியாகச் சூப்பர் பவுல் வென்றது 1995 சீசனில், குவாட்டர்பேக் ட்ராய் எய்க்மன் காலத்தில். அதன் பிறகு தங்கள் பிரிவின் இறுதிப் போட்டியைக்கூட அவர்கள் எட்டவில்லை. அந்த வறட்சியின் கோபத்தை முதலில், டாக்குக்கு முன் குவாட்டர்பேக்காக இருந்த டோனி ரோமோ சுமந்தார். இப்போது டாக் சுமக்கிறார். எனவே அந்த ஏழு ஆட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் நியாயம்.

முதலாவது, 2017 ஜனவரி. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் நான்காம் சுற்றில், 135ஆவது ஆளாக எடுக்கப்பட்ட புதுமுகம், ரோமோவின் காயத்தால் கிடைத்த இடத்தில் இறங்கி, அணியை 13-3 என்று கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். கிரீன் பே பேக்கர்ஸுக்கு எதிராக 302 யார்டு, மூன்று டச்டவுன் பாஸ். 21-3 என்று பின்தங்கிய ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் 31-31 என்று சமன் செய்தார்கள். பிறகு ஆரன் ராட்ஜர்ஸ் பக்கவாட்டுக் கோட்டின் ஓரத்தில் ஜாரட் குக்குக்கு எறிந்த அந்த நீண்ட பாஸ், மேசன் கிராஸ்பியின் 51 யார்டு உதை. 34-31. எதிரணிக்கு 34 புள்ளி கொடுத்த தோல்வியை இந்தப் புதுமுகத்தின் தலையில் கட்ட முடியாது.

2019 ஜனவரியில் சியாட்டில் சீஹாக்ஸை 24-22 என்று வென்றார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் மூன்றாவது முயற்சி, 14 யார்டு வேண்டும் என்ற நெருக்கடி. டாக் தானே பந்தோடு ஓடி 16 யார்டு எடுத்தார். அடுத்து டச்டவுனும் அவருடையதே. அதற்கடுத்த வாரம் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸிடம் 30-22 என்று தோல்வி. அன்று ராம்ஸ் தரைவழி ஓட்டத்தில் மட்டும் 273 யார்டு எடுத்தது. டாட் கர்லி, சி.ஜே. ஆண்டர்சன் இருவருமே நூறைத் தாண்டினார்கள். எதிரணி பந்தைச் சுமந்துகொண்டு நடு வழியாகவே நடந்து போகும்போது குவாட்டர்பேக் வெளியே உட்கார்ந்து பார்க்கத்தான் முடியும்.

2022 ஜனவரியில் சொந்த மைதானத்தில் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸிடம் 23-17. அந்த ஒரே ஆட்டத்தில் கவ்பாய்ஸுக்கு 14 அபராதங்கள். கையில் 14 விநாடி, ஒரு டைம்-அவுட்டும் இல்லை. டாக் நடுவே ஓடினார். 17 யார்டு எடுத்தார், ஆனால் நடுவர் பந்தை வைத்து முடிப்பதற்குள் கடிகாரம் தீர்ந்துவிட்டது. ஓடச் சொன்னது பயிற்சியாளர் தரப்பு. பந்தை நடுவரிடம் கொடுக்காமல் சக வீரரிடம் கொடுத்ததில் டாக்கின் பங்கும் உண்டு. இது பலர் சேர்ந்து செய்த தவறு.

2023 ஜனவரியில் அவருடைய ஆகச் சிறந்த இரவு. டாம்பா பே பக்கனீர்ஸுக்கு எதிராக நான்கு டச்டவுன் பாஸ், ஓடி எடுத்த டச்டவுன் ஒன்று, 31-14. டாம் பிரேடி ஆடிய கடைசி ஆட்டம் அது. ஆனால் ஆறே நாளில் மறுபடி ஃபார்ட்டிநைனர்ஸ், 19-12 என்று தோல்வி. அன்று அணியின் தடுப்பாட்டம் (டிஃபென்ஸ்) தன் கடமையைச் செய்தது. எதிரணிக்குக் கொடுத்தது 19 புள்ளிதான். டாக் முதல் பாதியிலேயே இரண்டு முறை பந்தை எதிரணியிடம் எறிந்தார். இந்தத் தோல்வியில் பெரும் பங்கு அவருடையது.

ஏழாவது, 2024 ஜனவரி. சொந்த மண்ணில் தொடர்ச்சியாக 16 வெற்றி பெற்றிருந்த அணி, ஏழாம் இடத்தில் இருந்து ப்ளேஆஃபுக்குள் நுழைந்த பேக்கர்ஸிடம் 48-32 என்று உதை வாங்கியது. ஏழாம் இடத்து அணி ஒன்று ப்ளேஆஃபில் வென்றது அதுவே முதல் முறை. டார்னெல் சாவேஜ் டாக்கின் பாஸைப் பறித்து 64 யார்டு ஓடி டச்டவுன் போட்டபோது ஸ்கோர் 27-0. டாக் அன்று 403 யார்டு எறிந்தார் என்று ஆதரவாளர்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். அதில் பெரும்பகுதி ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு வந்தது. அதே சமயம் 48 புள்ளி விட்டுக்கொடுத்த டிஃபென்ஸுக்கு எந்த மன்னிப்பும் கிடையாது.

ஆக ஐந்து தோல்விகளில் இரண்டில் அவர் மீதான குற்றச்சாட்டு நிற்கிறது, இரண்டில் நிற்கவே இல்லை, ஒன்று பொதுக்கணக்கு. ஜனவரியில் முதல் பாதியிலேயே பந்தைப் பறிகொடுப்பது அவருடைய உண்மையான குறை. அதைக் குறையென்று சொல்லலாம். கோழைத்தனம் என்று முத்திரை குத்த இந்த ஏழு ஆட்டங்கள் இடம் தரவில்லை.

வழக்கமான சீசனில் இவர் யார் என்பதும் தெரிந்ததே. 2023இல் லீக்கிலேயே அதிகமாக 36 டச்டவுன் பாஸ், எதிரணி பறித்த பாஸ்கள் (இன்டர்செப்ஷன்) ஒன்பதே, சிறந்த வீரருக்கான எம்விபி வாக்கெடுப்பில் இரண்டாம் இடம். 2020இல் ஐந்தாவது ஆட்டத்தில் அவர் கணுக்கால் முறிந்தது. அணி 6-10 என்று முடிந்தது. 2024இல் தொடைத் தசைக் காயத்தில் பாதி சீசன் போனது, 7-10. 2022இல் அவர் கட்டைவிரல் உடைந்து வெளியே இருந்தபோது மாற்று வீரர் கூப்பர் ரஷ் ஐந்தில் நான்கு ஆட்டங்களை வென்றதை எதிர்ப்பாளர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அந்த எடுத்துக்காட்டு என் வாதத்துக்குத்தான் வலு. ரஷ் வென்றது அன்றைய டிஃபென்ஸ் எதிரணிகளை அடக்கி வைத்ததால். டிஃபென்ஸ் நின்றால் மாற்று ஆளும் வெல்வார். அது சரிந்தால் எம்விபிக்கு அருகில் இருப்பவரும் தோற்பார்.

இனிப் பணம். டாக்கின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 30 லட்சம் டாலரைத் தொடவில்லை. தரமான குவாட்டர்பேக் இத்தனை மலிவாகக் கிடைக்கும்போது, மிச்சப் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பிக் கோப்பையை நோக்கிப் பாய வேண்டும். மூன்றாம் சுற்றில் எடுத்த ரசல் வில்சனை வைத்து சியாட்டில் 2013 சீசனில் செய்தது அதைத்தான். கவ்பாய்ஸுக்கு அந்த நான்கு ஆண்டில் கிடைத்தது ஒரே ஒரு ப்ளேஆஃப் வெற்றி.

அடுத்த பிழை, தாமதம். 2019இல், டாக் வந்த அதே டிராஃப்டில் வந்த குவாட்டர்பேக்குகள் கார்சன் வென்ட்ஸும் ஜாரட் காஃபும் ஆண்டுக்கு 3.2 கோடி டாலரை ஒட்டிக் கையெழுத்திட்டார்கள். கவ்பாய்ஸ் இழுத்தடித்தது. 2021இல் அதே கையெழுத்துக்கு ஆண்டுக்கு 4 கோடி ஆனது. மறுபடி இழுத்தடித்து, 2024 சீசனின் முதல் ஆட்டத்தன்று காலையில் நான்கு ஆண்டுக்கு 24 கோடி, அதாவது ஆண்டுக்கு 6 கோடி என்று முடித்தார்கள். அந்த ஆண்டு ஓர் அணி எல்லா வீரர்களுக்கும் சேர்த்துச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பே 25.54 கோடி. டாக் பேராசைக்காரர் என்று கோபப்படும் ரசிகர்கள், விலை ஏறுவதை வேடிக்கை பார்த்த நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். 1989இல் அணியை வாங்கிய ஜெரி ஜோன்ஸ் தானே பொது மேலாளராகவும் இருக்கிறார். மோசமாக நிர்வகிக்கும் பொது மேலாளரை உரிமையாளர் நீக்குவார். இங்கே நீக்க வேண்டியவரும் நீக்கப்பட வேண்டியவரும் ஒருவரே.

குவாட்டர்பேக்குக்குக் கொட்டிக் கொடுத்த பிறகு கோப்பை கிடைக்காது என்பதும் பொய். கவ்பாய்ஸின் கோட்டத்திலேயே ஆடும் பரம எதிரி ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸைப் பாருங்கள். 2023இல் ஜேலன் ஹர்ட்ஸுக்கு ஐந்து ஆண்டுக்கு 25.5 கோடி டாலர் கொடுத்தார்கள். 2024இல் சேக்வான் பார்க்லியை மூன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 கோடியில் எடுத்தார்கள். அவர் அந்த சீசனில் 2,005 யார்டு ஓடினார். அதே ஆண்டு டிராஃப்டில் குவின்யன் மிட்செல், கூப்பர் டிஜீன் என்ற இரண்டு தடுப்பாட்டக்காரர்கள். சூப்பர் பவுலில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்று நொறுக்கிய இரவில் பேட்ரிக் மஹோம்ஸை ஆறு முறை தரையில் சாய்த்தார்கள். டிஜீன் அவர் பாஸைப் பறித்து டச்டவுனே போட்டார். அன்று ஹர்ட்ஸ் தனியாக அணியைத் தூக்கிச் சுமக்க வேண்டியிருக்கவில்லை.

கவ்பாய்ஸ் எதிர்த்திசையில் நடந்தது. 2025 சீசன் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, தன் டிஃபென்ஸின் உயிர்நாடியான மைக்கா பார்சன்ஸை பேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. அங்கேயும் சம்பளப் பேச்சில்தான் முறிவு. அதே பேக்கர்ஸ் பார்சன்ஸோடு டாலஸுக்கு வந்தபோது ஆட்டம் 40-40 என்று சமனில் முடிந்தது. நாற்பது புள்ளி எடுத்தும் வெல்ல முடியாத அணியைப் பார்த்து, குவாட்டர்பேக் போதுமா என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? அந்த சீசனும் ப்ளேஆஃப் இல்லாமலே முடிந்தது.

என் தீர்ப்பு இது. உடைந்த அணியைத் தனி ஆளாகக் கோப்பை வரை இழுத்துப்போகும் குவாட்டர்பேக் அல்ல டாக். அப்படிப்பட்டவர் தலைமுறைக்கு ஓரிருவர்தான். முழுமையான அணி ஒன்றைச் சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோகும் தகுதி அவருக்கு உண்டு. 1993இல் பிறந்தவருக்கு இன்னும் சில நல்ல சீசன்கள் மிச்சம் இருக்கின்றன. பார்சன்ஸுக்குப் பதிலாகக் கிடைத்த இரண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் உருப்படியான தடுப்பாட்டக்காரர்களாக மாறினால் கவ்பாய்ஸ் மீண்டும் ஜனவரியில் ஆடும். மாறாவிட்டால் டாக் 40 டச்டவுன் எறிந்தாலும் ஆடாது. அந்தப் பொறுப்பு ஜோன்ஸுடையது. ஜனவரி வந்த பிறகு, முதல் பாதியில் பந்தைக் கைவிடாமல் இருப்பது டாக்கின் பொறுப்பு. இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகக் கணக்குக் கேட்க ரசிகர்கள் கற்றுக்கொண்டால், பத்தாண்டுச் சண்டைக்கு ஒரு பொருள் கிடைக்கும்.