மோதிரமும் கதவும்

பில்லி வைல்டரின் ‘டபிள் இன்டெம்னிற்றி’ (1944), காப்புறுதிப் பணத்துக்காகச் செய்யப்படும் கொலையைச் சித்திரிக்கும் அமெரிக்கத் திரைப்படம். அதில் இரு பிழைகள் பலராலும் சுட்டப்படுவன. நாயகன் நெவ் மணமாகாதவன். ஆயின் அவனாக நடித்த பிரெட் மக்மறேயின் விரலில் திருமண மோதிரம் தெரிகின்றது. இது வெறும் கவனக்குறைவு. நெவ்வின் குடியிருப்புக் கதவோ, வழக்கத்துக்கு மாறாக, நடைகூடத்தை நோக்கி வெளிப்புறமாகத் திறக்கின்றது. இழப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராயும் கீஸ் விடைபெறும்வேளை, கொலையிற் பங்காளியான பிலிஸ் அக்கதவின் பின்னேதான் மறைந்து நிற்கிறாள். பார்வையாளர் மூச்சடக்கிக் காத்திருக்கும் அக்கணத்திற் கதவை எவரும் ஐயுறுவதில்லை.

பிழைகளைப் பட்டியலிடுவோர் இவ்விரண்டையும் ஒரே நிரலில் வைப்பர். விமர்சகன் அவற்றைப் பிரித்தறிதல் வேண்டும். மோதிரத்தைக் கழற்றியிருந்தாற் படம் எதனையும் இழந்திராது. கதவைத் திருத்தியிருந்தால் அக்காட்சியையே இழந்திருக்கும்.